மறு: ‘பாம்-வைன்’ இசைக்குத் தமிழில் என்ன பெயர்?

> ‘பனங்கள் இசை’ என்று வைக்கலாமே. பாம் என்றால் பனைதானே?

ஐயா, பனை வேண்டாம். பாம்-வைன் மேற்கு ஆப்பிரிக்காவின் கிதார் பாட்டு வகை. அங்கே கள் இறக்குவது பெரும்பாலும் எண்ணெய்ப்பனையிலும் ராஃபியா மரத்திலும். ‘பனங்கள்’ என்றால் நமக்கு நுங்கும் கலயமும்தான் கண்ணில் தெரியும்.

‘கள்ளிசை’யும் ஆகாது, திருட்டு கேசட் ஞாபகம் வருகிறது. ‘கட்பாட்டு’ இலக்கணப்படி சரி. ஆனால் நானே அவசரத்தில் ‘கட்டுப்பாடு’ என்று படித்துவிட்டேன்.

பெயர் வைக்குமுன் ஒரு பாட்டைக் கேளுங்கள்: 1928-இல் இன்றைய கானாவின் குமாசி ட்ரியோ என்ற மூவர் குழு லண்டனில் பதிந்த ‘யா அம்பொன்சா’. லைபீரியாவின் க்ரூ இனக் கப்பல் தொழிலாளர்கள் துறைமுகம் துறைமுகமாகக் கொண்டுபோன இருவிரல் கிதார் முறை இதற்கு அடிப்படை. கட்டைவிரல் கீழ்ச்சுரத் தந்திகளில் நிதானமாக நடக்கும். ஆட்காட்டி விரல் மேல் தந்திகளில் மெட்டைக் கொத்தும். அவ்வளவுதான் கருவி வித்தை. இந்த நடைதான் பிறகு கானாவின் ஹைலைஃப் என்ற நடன இசை நெடுக ஓடியது. அமெரிக்கப் பாடகர் பால் சைமன் 1990-இல் தம் பாட்டு ஒன்றில் இதை எடுத்தாண்டு, பின்னர் கானாவுக்கு உரிமைத்தொகையும் கொடுத்தார்.

> அப்படியானால் ஹைலைஃபுக்கு ‘உயர்வாழ்விசை’?

வேண்டவே வேண்டாம். கனவான்கள் ஆடும் கிளப்புக்கு வெளியே, டிக்கெட்டுக்குக் காசில்லாமல் நின்றவர்கள் வைத்த பெயர் அது என்கிறார்கள். அந்த நையாண்டி மொழிபெயர்ப்பில் செத்துவிடும். ஹைலைஃப் ஹைலைஃபாகவே இருக்கட்டும்.

பாம்-வைனுக்கு என் பரிந்துரை: ‘கள்ளுப்பாட்டு’. ‘கள்ளுக்கடைப் பாட்டு’ என்றால் கூச்சலும் தகராறும் நினைவுக்கு வரும். இதுவோ அடங்கிய குரல் இசை. சியரா லியோனின் எஸ். ஈ. ரோஜி பாடியதைக் கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும்.

> கள் என்ற சொல் கௌரவக் குறைச்சல் இல்லையா?

புறநானூறு 235-ஐப் பாருங்கள், அம்மா. கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் நாங்கள் பாட மகிழ்ந்து உண்பான் என்று அதியமானை நினைத்து ஔவை அழுகிறார். கள்ளும் பாட்டும் சேர்ந்தே இருக்கின்றன. அவருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

> கிதார் தனியாக ஒலித்தாலும் ‘பாட்டு’தானா?

நாகஸ்வரக்காரர் பாட்டு வாசிக்கிறார் என்றுதானே சொல்கிறோம்.

நம் கலைச்சொல் பட்டியலில் ‘கள்ளுப்பாட்டு’ என்றே சேர்த்துவிட்டேன். அந்தக் கிதார் முறைக்கு இப்போதைக்கு ‘இருவிரல் மீட்டு’ என்று குறித்திருக்கிறேன். ‘மீட்டு’ எனக்கே திருப்தியில்லை. அதற்குத் தனி இழையில் சண்டை போடுவோம்.