கேஸ் வருகிறது, அடுப்பு பற்றவில்லை. கோழி எருதான் காரணமா?

கேள்வி (தம்பலகாமம்)

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் 6 கனமீற்றர் குவிமாடத் தொட்டி கட்டி ஐந்து மாதமாக, சாணம் புளித்து வரும் உயிர்வாயுவில்தான் சமையல். நாளுக்கு 30 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர், ஒரு குறையும் இருக்கவில்லை. பெரும்போக விதைப்பு தொடங்கியதும் மாடுகளை மேய்ச்சல் தரைக்கு அனுப்பிவிட்டோம், கொட்டிலில் நிற்பது இரண்டு பால்மாடு மட்டும். சாணம் 12 கிலோவுக்கு இறங்கிவிட்டது. அதை ஈடுகட்ட ஒரு வாளி ஆட்டுப் புழுக்கையும், பக்கத்து இறைச்சிக்கோழிப் பண்ணையிலிருந்து 15 கிலோ எருவும் தினமும் போடுகிறேன். மூன்று கிழமையாகிறது. முதலில் அமுக்கம் கூடியது, சந்தோஷப்பட்டேன். இப்போது நெருப்புக்குச்சி வைத்தால் பிடித்தவுடன் அணைகிறது, வெளியே வரும் கரைசல் புளித்து நாறுகிறது. அம்மா திரும்ப விறகடுப்புக்குப் போய்விட்டார், அதுதான் மனதுக்குக் கஷ்டம். இன்னும் சாணம் தேடிப் போடவா?

பதில் (கிண்ணியா)

சுண்ணாம்பு கரைத்து ஊற்றிப் பாருங்கள் தம்பி, புளிப்பு இறங்கும்.

பதில் (மூதூர்)

தம்பி, சாணமும் வேண்டாம், சுண்ணாம்பும் இப்போது வேண்டாம். முதலில் தொட்டிக்குத் தீனி போடுவதை நிறுத்துங்கள். கோழி எரு காய்ந்த சாமான், அதைச் சாணத்தோடு கிலோவுக்குக் கிலோ பார்க்கக் கூடாது. ஒரு கிலோ கோழி எருவில் இருக்கும் திண்மம் மூன்று நான்கு கிலோ பச்சைச் சாணத்தில் இருக்கும் அளவு, ஆக நீங்கள் பழைய அளவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஊட்டியிருக்கிறீர்கள். தொட்டிக்குள் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும், எரியும் வாயுவான மெதேனைத் தருபவை மெதுவாகத்தான் பெருகும். அமிலம் கூடினால் இவை அடங்கிவிடும், அப்புறம் வருவது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு. அமுக்கம் இருந்தும் எரியாதது அதனால்தான்.

பாசிச்சாயத்தாள் போதாது, புளிப்பை இலக்கத்தில் காட்டும் பி.எச் தாள் வாங்கி, வெளியே வரும் கரைசலில் நனைத்துப் பாருங்கள். 6.8க்கும் 7.4க்கும் இடையில் நிற்க வேண்டும், குறைந்தால் புளிப்பு. சுண்ணாம்பைக் கூடுதலாகப் போட்டால் அது காபனீரொட்சைட்டோடு சேர்ந்து அடியில் கட்டியாகப் படிந்துவிடும், கிண்ணியா அண்ணா கோபிக்க வேண்டாம். இன்னொன்று, பண்ணையில் கோழிக்கு மருந்து கொடுத்தார்களா என்று கேளுங்கள், நுண்ணுயிர்கொல்லி எச்சத்தோடு வந்தால் தொட்டிக்குள்ளும் கொல்லும்.

என்ன ஆனாலும் தொட்டிக்குள் இறங்கிவிடாதீர்கள், தலையை நீட்டிக்கூடப் பார்க்காதீர்கள். உள்ளே ஒட்சிசன் இல்லை, ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சுவாயு இருக்கும். அழுகிய முட்டை மணம் அடித்து, பிறகு மணமே தெரியாமல் போவதுதான் அதில் பயங்கரம்.

கேட்டவர்

தாள் 6 காட்டியது அண்ணா. பண்ணையில் கேட்டேன், போன மாதம் மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஒன்றும் போடாமல் விட்டிருக்கிறேன்.

கேட்டவர் (18 நாள் கழித்து)

பத்து நாள் பட்டினி போட்டு, பிறகு நாளுக்கு 5 கிலோ பசுஞ்சாணம் மட்டும் கரைத்து ஊற்றினேன். இன்று 7க்குக் கிட்ட நிற்கிறது, நேற்றுப் பின்னேரம் நீலச் சுவாலை வந்து தேநீர் வைத்தோம். அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! மாடு திரும்பும்வரை புழுக்கையை மட்டும் சேர்க்கலாமா?

பதில் (மூதூர்)

சேர்க்கலாம், ஆனால் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு நசுக்கிப் போடுங்கள், முழுசாகப் போட்டால் மிதந்து மேலே ஆடையாகக் கட்டும். கோழி எருவை மருந்து கொடுக்காத கூட்டிலிருந்து எடுங்கள், உமியை அரித்துவிட்டு நாளுக்கு ஒரு கிலோவில் தொடங்குங்கள். ஒரு கிழமை பார்த்துத்தான் அடுத்த கிலோ.