பீலித் தண்ணீர் குடித்தவர்களில் 24 பேர், குழாய்த் தண்ணீர் குடித்தவர்களிலும் 24 பேர்: எது ஆபத்து?

லயத்துப் பையன் (தலவாக்கலை):
வணக்கம். பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். பயிற்சிக்குத் தந்த கணக்கு இது. ஒரு தோட்டத்தில் மேல் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) 80 பேர், பீலித் தண்ணீரை, அதாவது மலையிலிருந்து பீலி வழியாக வருகிற ஊற்றுத் தண்ணீரை, அப்படியே குடிக்கிறார்கள். கீழ் லயத்தில் 240 பேர், குளோரின் போட்ட தாங்கியிலிருந்து குழாய்த் தண்ணீர். பெருமழைக்குப் பிறகு இரண்டு வாரத்தில் மேலே 24 பேருக்கு வயிற்றோட்டம், கீழேயும் 24 பேருக்கு. பாதிக்குப் பாதி, அப்போ தண்ணீருக்கும் வருத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்றுதானே சொல்லவேண்டும்? கூடப் படிக்கிற பிள்ளை ஒருத்தி மேலே ஆபத்து 3 மடங்கு என்கிறாள், இன்னொருத்தன் 3.86 என்று அடித்துச் சொல்கிறான். எது சரி?

மலைக்காற்று (ஹட்டன்):
தம்பி, வருத்தம் வந்தவர்களை மட்டும் எண்ணினால் ஒன்றுமே தெரியாது, வராமல் நன்றாக இருக்கிறவர்களையும் சேர்த்து எண்ணவேண்டும். மேலே 80 பேரில் 24, அதாவது நூற்றுக்கு 30. கீழே 240 பேரில் 24, நூற்றுக்கு 10. முப்பதைப் பத்தால் வகுத்தால் 3, இதுதான் ரிலேட்டிவ் ரிஸ்க், அதாவது எத்தனை மடங்கு ஆபத்து என்பது. உங்கள் கூட்டாளி சொல்கிற 3.86 ஒட்ஸ் ரேஷியோ: வருத்தம் வந்தவர் எண்ணிக்கையை வராதவர் எண்ணிக்கையால் வகுத்து, மேலே வருவதைக் கீழே வருவதால் வகுப்பது. மேலே வந்தவர் 24, வராதவர் 56; கீழே 24க்கு 216. கணக்குப் பிழையில்லை, ஆனால் அதை வைத்து "3.86 மடங்கு ஆபத்து" என்று எழுதக்கூடாது. ஆயிரத்தில் ஒருவருக்கு, மூவருக்கு வருகிற நோயென்றால் இரண்டு விடையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும், இங்கே நூற்றுக்கு முப்பது பேர் படுத்துவிட்டதால்தான் ஒட்ஸ் இவ்வளவு மேலே போகிறது.

கழித்தும் பாருங்கள், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 30இலிருந்து 10 போக, நூற்றுக்கு 20 பேர் கூட. மேல் லயத்திலும் கீழே இருக்கிற அளவுக்குத்தான் நோய் என்றால் 80 பேரில் 8 பேருக்குத்தான் வந்திருக்கும், மிச்சம் 16 பேர் சும்மா கஷ்டப்பட்டிருக்கிறார்கள். தோட்ட நிர்வாகத்திடம் குளோரின் கேட்டுப் போகும்போது "மூன்று மடங்கு" என்பதைவிட இந்த 16தான் பேசும்.

பச்சைமலை (பண்டாரவளை):
ஜோன் ஸ்னோ என்ற ஆங்கிலேய வைத்தியர் 1854இல் லண்டனில் கொலராவுக்குச் செய்ததும் இந்தக் கணக்குதான். சவுத்வார்க் அன்ட் வொக்ஸ்ஹோல் கம்பனி தண்ணீர் கொடுத்த 40,046 வீடுகளில் 1,263 மரணம், லம்பெத் கம்பனியின் 26,107 வீடுகளில் 98. பத்தாயிரம் வீட்டுக்கு 315, மற்றப் பக்கம் 37. எட்டு மடங்குக்கும் மேல். லம்பெத்காரர்கள் 1852இலேயே தண்ணீர் எடுக்கும் இடத்தைத் தேம்ஸ் ஆற்றில் மேலே, நகரத்துக் கழிவு சேராத இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இதில் முக்கியம் என்னவென்றால், ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு வெவ்வேறு கம்பனிக் குழாய் போனது, பணக்காரர் ஏழை எல்லாரும் கலந்துதான் இருந்தார்கள். மேல் லயமும் கீழ் லயமும் அப்படிக் கலந்து இல்லையே!

தேயிலைப்பூ (பதுளை):
அதேதான். மேல் லயத்தில் சின்னப் பிள்ளைகள் அதிகமாக இருக்கலாம், ஒரு மலசலகூடத்தை நாலைந்து குடும்பம் பாவிக்கலாம். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களைத் தனியாக, பெரியவர்களைத் தனியாகப் பிரித்துக் கணக்குப் போடுங்கள். இரண்டிலும் 3 பக்கத்தில் நின்றால் வயதால் வந்த வித்தியாசம் இல்லை. 1க்கு இறங்கினால் தண்ணீரைக் குற்றம் சொல்ல முடியாது.

இன்னொன்று, நம் பக்கத்தில் விடிகாலையில் கேத்தலை அடுப்பில் ஏற்றிவிட்டு நாள் முழுக்கச் சாயத்தண்ணியே (கொதித்த தண்ணீரில் போட்ட வெறும் தேநீர்) குடிக்கிற ஆட்கள் எத்தனையோ பேர். மேல் லயம் என்பதற்காக அவர்களையும் "பீலித் தண்ணீர் குடிப்பவர்" என்று போட்டால் உண்மையான வித்தியாசம் சின்னதாகத்தான் தெரியும். லயத்தைப் பார்த்து எழுதாமல் ஆளாளாகக் கேட்கவேண்டும், வருத்தம் வராதவரிடமும் அதே கேள்வியை அதே மாதிரி.

லயத்துப் பையன்:
மிக்க நன்றி, நன்றாக விளங்கியது. அப்போ ஆஸ்பத்திரி வாட்டுக்கு வந்தவர்களை மட்டும் வைத்துப் படிக்கும்போது? மொத்தம் எத்தனை பேர் என்றே தெரியாதே.

மலைக்காற்று:
அங்கேதான் ஒட்ஸ் ரேஷியோ கைகொடுக்கும். நோயாளிகளோடு அந்த நோய் இல்லாத ஆட்களையும் எடுத்து முன்பழக்கத்தை ஒப்பிடவேண்டும். 1950இல் டொல், ஹில் என்ற பிரித்தானிய ஆய்வாளர்கள் இருவரும் நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களைக் கேட்டதில் புகைக்காதவர் 2 பேர்தான், அந்த நோய் இல்லாத 649 பேரில் 27 பேர். ஒட்ஸ் ரேஷியோ 14 வரும். அது அரிதான நோய், அதனால் அந்த 14ஐ ஏறக்குறைய அத்தனை மடங்கு என்றே எடுத்துக்கொள்ளலாம், உங்கள் 3.86ஐ அப்படி எடுக்க முடியாது.