எஸ்.டி. பட்டியல் மகஜர்: குடியரசுத் தலைவர் ஒரு கையெழுத்தில் முடித்துவிட முடியுமா?

கோடநாடு முனை:
நீலகிரியில் கோத்தகிரி, குந்தா பக்கத்து ஹட்டிகளில் (படுகர் சமூகத்தின் ஊர்களில்) ஒரு மகஜர் கையெழுத்துக்கு வந்திருக்கிறது. கோரிக்கை இரண்டு. படுகரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கூடலூர், பந்தலூரில் பழங்குடியினர் வாழும் கிராமங்களை அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதியாக, அதாவது பழங்குடியினருக்குத் தனிப் பாதுகாப்பு உள்ள பகுதியாக, அறிவிக்க வேண்டும். அதை நேராகக் குடியரசுத் தலைவருக்கே அனுப்ப வேண்டும் என்பது என் வாதம். எந்தச் சமூகம் பழங்குடி என்பதைக் குடியரசுத் தலைவர் அறிவிக்கலாம் என்று அரசியலமைப்பின் 342(1) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இன்று அந்த நாற்காலியில் இருப்பவர் சந்தால் பழங்குடியில் பிறந்தவர். 2024 நவம்பரில் வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்கு வந்து போனவர். அவரிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது?

பைக்காரா:
342(1)ஐப் படித்த கையோடு 342(2)ஐயும் படியுங்கள் சார். குடியரசுத் தலைவரின் ஆணை 1950லேயே வந்துவிட்டது. அதன்பிறகு ஒரு பெயரைச் சேர்க்கவோ எடுக்கவோ நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும். இன்னொரு அறிவிக்கையால் மாற்றக் கூடாது என்று அந்த உட்பிரிவே தடுக்கிறது. கோர்ட்டுக்குப் போனாலும் நடக்காது. பட்டியலில் இருக்கும் பெயருக்குள் இன்னொரு சமூகம் அடங்கும் என்று நீதிமன்றமே சொல்லிவிட முடியாது என மிலிந்த் வழக்கில் 2000ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

1999இல் வகுத்த நடைமுறைதான் இன்றும் வழி. மாநில அரசு பரிந்துரைக்க வேண்டும். அது மத்திய பழங்குடியினர் நலத்துறை வழியாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கவனிக்கும் இந்தியப் பதிவாளர் நாயகத்திடம் போகும். அவர் ஒத்துக்கொண்டால் தேசியப் பழங்குடியினர் ஆணையம், பிறகு அமைச்சரவை, பிறகு மசோதா. நரிக்குறவர் பெயர் 2022 டிசம்பரில் இரு அவைகளிலும் மசோதா நிறைவேறித்தான் உள்ளே வந்தது. கோப்பு சிக்குவது பெரும்பாலும் பதிவாளர் நாயகம் மேஜையில். 1965 லோக்கூர் குழுவின் ஐந்து அளவுகோல்களை அங்கே இன்னும் வைத்துப் பார்க்கிறார்கள்: பூர்விக வாழ்க்கைக் கூறு, தனிப் பண்பாடு, ஒதுங்கிய நிலப்பரப்பு, வெளியாரிடம் பழகத் தயக்கம், பின்தங்கிய நிலை. படுகு மொழியும் ஹெத்தையம்மன் பண்டிகையும் இரண்டாவதற்குப் போதும். மேட்டுப்பாளையம் மண்டிக்குத் தினம் கேரட்டும் உருளையும் ஏற்றும் சமூகத்துக்கு மூன்றாவதையும் நான்காவதையும் எப்படிக் காட்டுவீர்கள்?

கோடநாடு முனை:
60 வருஷத்துக்கு முந்தைய அளவுகோலை வைத்து இன்றைய சமூகத்தை அளப்பதே அநியாயம். அது இருக்கட்டும். நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் அந்தப் பதவிக்கு வேலையே இல்லையே! 1986இல் இரு அவைகளும் நிறைவேற்றிய அஞ்சல் திருத்த மசோதாவில் அன்றைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. மசோதா ஒப்புதல் பற்றிய 111ஆம் பிரிவில் கெடு இல்லாததால் அது அப்படியே கிடந்தது, சட்டமே ஆகவில்லை. 1997இல் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொன்ன அமைச்சரவை முடிவைக் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார், அமைச்சரவை கைவிட்டது. இதெல்லாம் அதிகாரம் இல்லையா?

பைக்காரா:
அதே நாராயணன் கதையை முழுதாகச் சொல்லுங்கள். 1998இல் பீகார் ஆட்சியைக் கலைக்கும் பரிந்துரையையும் திருப்பினார். 1999 பிப்ரவரியில் அமைச்சரவை மறுபடி அனுப்பியதும் கையெழுத்திட்டார். 74(1) அப்படித்தான் இருக்கிறது: 1976இல் 42ஆவது திருத்தம் அமைச்சரவை ஆலோசனையைக் கட்டாயமாக்கியது, 1978இல் 44ஆவது திருத்தம் ஒரே ஒரு தடவை மறுபரிசீலனைக்கு அனுப்ப வழிவிட்டது. வருகிறதைத் தடுத்து நிறுத்த அவரிடம் கொஞ்சம் இடம் உண்டு. தானாக ஒன்றைத் தொடங்க இடம் இல்லை. நம் மகஜர் கேட்பது தொடங்கச் சொல்லி.

பந்தலூர் மழை:
இரண்டு பேரும் முதல் கோரிக்கையிலேயே நிற்கிறீர்கள். இரண்டாவதன் சட்டம் வேறு. ஐந்தாவது அட்டவணையின் 6ஆம் பத்தியில் குடியரசுத் தலைவர் ஆணை போட்டாலே ஓர் இடம் அட்டவணைப் பகுதி ஆகிவிடும். நாடாளுமன்றச் சட்டம் தேவையில்லை. பத்து மாநிலங்களில் அப்படி இருக்கிறது, தமிழ்நாட்டில் ஓர் அங்குலம்கூட இல்லை. வந்தால் அட்டவணைப் பகுதி ஊராட்சிகளுக்கான 1996ஆம் ஆண்டு பெசா சட்டம் பொருந்தும். நிலம் எடுக்கும் முன் கிராம சபையையோ உரிய நிலை ஊராட்சியையோ கலந்தே ஆக வேண்டும். பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எது? இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் முதலாவதன் சிக்கல் இரண்டாவதையும் சேர்த்து முடக்கிவிடும்.

பைக்காரா:
சட்டம் சரி. ஆனால் அந்த ஆணையும் அமைச்சரவை ஆலோசனைப்படிதான். 2011 கணக்கில் நீலகிரியில் பழங்குடியினர் சுமார் 4.5 சதவீதம். பழங்குடியினர் பெரும்பான்மை, தொடர்ச்சியான நிலப்பரப்பு, நிர்வாக அலகாக நிற்கும் தன்மை என்றெல்லாம் கேட்பார்கள். தாலுகாவாகக் கேட்டால் முதல் கேள்வியிலேயே விழும்.

பந்தலூர் மழை:
அதனால்தான் தாலுகா என்று எழுதக் கூடாது என்கிறேன். இங்கே வருவாய் கிராமம் ஒவ்வொன்றிலும் பல எஸ்டேட் லைன்கள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அடங்கும். 40 வீட்டுப் பணியர் குடியிருப்பு அந்தக் கணக்கில் கரைந்துவிடும். குடியிருப்பு வாரியாகப் பெயர், வீடு, சர்வே எண் எழுதி, வரைபடத்தில் ஒட்டி ஒட்டி இருப்பவற்றை ஒன்றாகக் காட்ட வேண்டும். அட்டவணைப் பகுதி இல்லாவிட்டாலும் நம் மாநிலத்தில் பழங்குடியினர் ஆலோசனைக் குழு இருக்கிறது. முதலில் அங்கே தீர்மானம் கேளுங்கள்.

கோடநாடு முனை:
மாநிலம் பரிந்துரைத்தால் மட்டும் டெல்லியில் நகருமா? நீட் விலக்கு மசோதாவைச் சட்டமன்றம் 2022 பிப்ரவரியில் இரண்டாம் தடவை நிறைவேற்றி அனுப்பியது. ஒப்புதல் மறுக்கப்பட்டது 2025 ஏப்ரலில்தான் தெரிந்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம், மாநில மசோதாக்கள் மீது குடியரசுத் தலைவர் முடிவெடுக்க மூன்று மாதக் கெடு வைத்தது. உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வழிசெய்யும் 143ஆம் பிரிவின் கீழ் குடியரசுத் தலைவர் 14 கேள்விகள் கேட்டார். நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கெடு வைக்க முடியாது என்றுவிட்டார்கள். கெடுவே இல்லாத மேஜைக்கு மக்கள் குரல் நேராகப் போவதில் என்ன தப்பு?

பைக்காரா:
போகட்டும். அங்கிருந்து சம்பந்தப்பட்ட அமைச்சகத்துக்குத்தான் திருப்பிவிடுவார்கள். அதற்குள் ஊட்டி பக்கம் முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் இனவரைவியல் அறிக்கை (சமூகத்தின் வாழ்க்கைமுறை பற்றிய ஆய்வு) தயாராக இல்லையென்றால், அமைச்சகம் மாநிலத்தைக் கேட்கும், மாநிலம் ஆய்வு மையத்தைக் கேட்கும், கோப்பு வருஷக்கணக்கில் சுற்றும். அறிக்கையை முதலில் வாங்குங்கள்.

கோடநாடு முனை:
குடியரசுத் தலைவருக்கு ஒரு பிரதி போக வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் மகஜரை இரண்டாகப் பிரிக்கிறேன், 342(1) வரியை எடுத்துவிடுகிறேன். பந்தலூர் நண்பரே, சேரங்கோடு பக்கத்துக் குடியிருப்புகளின் சர்வே எண் பட்டியல் உங்களிடம் இருந்தால் இங்கேயே போடுங்கள்.