பிரிந்தவர்கள் சேரும் கதைகள்: படித்த பிறகு உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

வைகைக்கரை

அம்மாவின் நகை விஷயத்தில் அக்காவுக்கும் எனக்கும் பேச்சு நின்றுபோனது. விவரம் வேண்டாம், பல வீடுகளில் நடப்பதுதான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில் ஆரம்பித்தது, இன்றுவரை நேரில் ஒரு வார்த்தை இல்லை.

சென்ற ஆண்டு ஒரு குடும்ப நாவல் படித்தேன். அந்த வகை உங்களுக்குத் தெரியும்: இரண்டு சகோதரிகள், ஒரு வீடு, ஒரு சாவு, நடுவில் வருடக்கணக்கில் மௌனம், கடைசியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் சந்திப்பு. படித்து முடித்து அழுதுவிட்டு, அதே புத்தகத்தைக் கூரியரில் அக்காவுக்கு அனுப்பினேன். கடிதம் வைக்கவில்லை.

சில மாதம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. அக்காவும் கடிதம் வைக்கவில்லை. புரட்டிப் பார்த்தேன். சகோதரிகள் கட்டிக்கொண்டு அழுகிற பக்கம் சுத்தமாக இருந்தது. நடுவில் ஓரிடம். படுக்கையில் கிடக்கும் தாய்க்கு மூத்தவள் நடு இரவில் எழுந்து துணி மாற்றுகிறாள், ஈரமான மெத்தையைத் திருப்பிப் போடுகிறாள். அந்த நான்கு வரிக்குக் கீழே பென்சில் கோடு. அழுத்திய அழுத்தத்தில் அடுத்த பக்கத்திலும் பள்ளம் விழுந்திருக்கிறது. விரலால் தடவினால் தெரிகிறது.

அம்மாவைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டது அக்கா. நான் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தேன்.

அந்தக் கோட்டுக்கு என்ன பதில் அனுப்புவது என்று தெரியவில்லை. ஒரு கதை வழியாக உறவு திரும்பி வந்தவர்கள், வராமலே போனவர்கள், யாராக இருந்தாலும் எழுதுங்கள்.

கிளைநூலகன்

கோடு என்றதும் எனக்கு ஒருவர் நினைவுக்கு வருகிறார். கிளை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தினமும் மாலையில் வருவார். அலமாரி முன் நின்றபடியே கடைசி அத்தியாயத்தைத்தான் முதலில் படிப்பார். அப்பாவும் மகனும் சேர்ந்துவிட்டால் எடுத்துக்கொள்வார், இல்லையென்றால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். படித்த புத்தகத்தில் ஐம்பதாம் பக்கத்தின் மூலையில் சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி போட்டுவைப்பார். நூலக வாசகர்கள் பலரும் செய்வதுதான், மறுபடி அதே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க ஓர் அடையாளம்.

திடீரென்று அவர் வரவில்லை. பிறகு ஒருநாள் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் அவருடைய உறுப்பினர் அட்டையோடு வந்தார். முகஜாடை சொல்லிவிட்டது. "சர்க்கரையால் அப்பாவுக்குப் பார்வை போய்விட்டது சார். நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறார். அவர் படிக்காத கதையாக ஒன்று கொடுங்கள்" என்றார். சுழி விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து ஐம்பதாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டுக் கதைகளின் முடிவைப் பார்க்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று புத்தகம். பிறகு நின்றுவிட்டார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. சுழி போட்ட புத்தகம் ஒன்றையே எடுத்துவந்து மேசையில் வைத்தார். "இது படித்ததாயிற்றே" என்றேன். "பரவாயில்லை, இதையே கொடுங்கள்" என்றார்.

அந்தக் கடைசி அத்தியாயத்தை அவர் அப்பாவுக்கு எப்படி வாசித்திருப்பார் என்று பல இரவுகளில் யோசித்திருக்கிறேன்.

வைகைக்கரை அம்மாவுக்கு ஒன்று: அழுத்திக் கோடு போட்டவர் படித்திருக்கிறார். படிக்காமல் திருப்பி அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைகள் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் முதலில் உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போங்கள். 1948-இல் நம் மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம்தான் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறீர்கள். ரசீதை எடுத்துப் பாருங்கள், தனி வரியாக இருக்கும். உங்கள் காசில் வாங்கிய புத்தகங்கள் அலமாரியில் இருக்கின்றன. உறுப்பினர் கட்டணம் மிகக் குறைவு. அட்டை வாங்கிக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கும் வாங்கிக் கொடுங்கள்.

கருவேலம்

எல்லோரும் உருகுவதால் நான் மாற்றிச் சொல்கிறேன். இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் கடைசியில் மன்னிப்பது யார்? மகள், தங்கை, மருமகள். அண்ணன் கண்ணில் ஒரு சொட்டு நீர் வந்தால் போதும், தங்கை எல்லாவற்றையும் மறந்து பாயசம் வைக்கிறாள். கிளைநூலகன் ஐயா சொன்ன பெரியவர், மகன் ஏன் பேசாமல் இருந்தான் என்று ஒருநாளாவது யோசித்தாரா? முடிவை மட்டும் படிக்கிறவர்களுக்கு நடுவில் நடந்ததைப் படிக்க வேண்டியதில்லை.

என் கதை சிறியது. அப்பா போன பிறகு வீட்டிலும் வயலிலும் என் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சொன்னார்கள். அம்மா அழுதார். நான் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன், இடது பெருவிரல் ரேகையும் வைத்தேன். விரலில் கருநீல மை. துடைக்க ஏதாவது இருக்கிறதா என்று நான் தேடுவதற்குள், அண்ணன் தன் கைக்குட்டையை எடுத்து என் விரலைப் பிடித்துத் துடைத்தார். நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டிருந்ததைக்கூட விடவில்லை. கைக்குட்டையின் நுனியை எச்சில் தொட்டுத் திருகி எடுத்தார். சின்ன வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் என் முகத்தை அப்படித்தான் துடைத்துவிடுவார்.

பங்கை எழுதி வாங்கியதும் அதே ஆள்தான், அந்தக் கைக்குட்டையும் அவருடையதுதான். எந்த நாவலிலும் இதற்கு முடிவு கிடைக்கவில்லை. வெறுக்கலாம் என்றால் அந்தக் கைக்குட்டை குறுக்கே வந்து நிற்கிறது.

காவிரிக்காரர்

எனக்கும் என் தங்கைக்கும் ஒருகாலத்தில் பேச்சு இல்லை, பேரன் பிறந்தபோது சரியாயிற்று. அது கிடக்கட்டும். மேலே எழுதிய வைகைக்கரையும் கருவேலமும் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் 25.3.1989 முதல் கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை உண்டு. அந்தத் தேதிக்கு முன்பே திருமணம் ஆனவர்களுக்கு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் செய்த அந்த மாநிலத் திருத்தம் பொருந்தவில்லை. 9.9.2005-இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தத்தில் அந்தப் பாகுபாடு இல்லை. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று நீதிமன்றங்களில் பெரிய குழப்பம் நடந்தது. தேவையில்லை, மகளுடைய உரிமை பிறப்பால் வருவது என்று உச்ச நீதிமன்றம் 11.8.2020-இல் தீர்த்துவைத்தது. ஆனால் 20.12.2004-க்கு முன்பே பதிவாகிவிட்ட பாகப்பிரிவினையை இதைக் காட்டிக் கிளற முடியாது.

தந்தை சொந்தமாகச் சம்பாதித்த சொத்து என்றால் கதை வேறு. உயில் எழுதாமல் அவர் இறந்திருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படியே மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் சம பங்கு. தாய் உயில் எழுதாமல் விட்டுப்போன நகைக்கும் பிள்ளைகள் எல்லோரும் சம வாரிசுகள், தந்தை இருந்தால் அவரும் உண்டு. யார் கூட இருந்து பார்த்துக்கொண்டார்கள் என்பதைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை.

விடுதலைப் பத்திரத்தை ஒருமுறை மனமொப்பிப் பதிவு செய்துவிட்டால் திரும்பப் பெறுவது கடினம். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியது என்றால், அது தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அம்மா அழுதார் என்பது மட்டும் போதாது. நகல் எடுத்துக்கொண்டு, வில்லங்கச் சான்றும் போட்டுப் பார்த்துவிட்டு, ஊரில் யார் பக்கமும் சாராத ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். உறவுக்கார வழக்கறிஞர் வேண்டவே வேண்டாம்.

ஜாம்போத்தல்

நான் கனடாவில் இருக்கிறேன், சொந்த இடம் யாழ்ப்பாணம். என்னுடையது சிநேகிதியைப் பற்றியது.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் அரிது என்பதால், கொஞ்ச எண்ணெயில் எரியும் ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. இந்தியாவில் இருந்து எப்படியோ வந்து சேரும் மாத நாவல்கள் கை மாறிக் கை மாறி, எங்களிடம் வரும்போது முன் அட்டையும் இராது, கடைசிப் பக்கங்களும் இரா. அப்படி ஒரு கதைக்கு என் சிநேகிதி கொப்பித் தாளில் தானே முடிவு எழுதி, பின்னால் ஊசி நூலால் தைத்துவைத்தாள். அதை எனக்குத் தந்த கிழமையே எங்களுக்குள் பெரிய சண்டை. 1995 ஒக்டோபர் 30 இரவு இராணுவம் நெருங்கியதால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியே எழும்பிக் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, மழைக்குள் அவள் எந்தப் பக்கம் போனாள் என்று எனக்குத் தெரியாது. என் பையில் அந்த நாவல் இருந்தது. கொடிகாமம், வவுனியா, கொழும்பு எல்லாம் கடந்து அது என்னோடு வந்தது.

போன கோடையில் ஸ்கார்பரோவில் ஒரு பலசரக்குக் கடையில் அவளைக் கண்டேன். முருங்கைக்காய் தெரிவு செய்துகொண்டு நின்றாள். கட்டிப்பிடித்து அழுதோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாவலை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தைத்த தாள்களை அவள் நிதானமாக வாசித்தாள். முழுவதும் வாசித்துவிட்டு நிமிர்ந்து, "வடிவாக எழுதியிருக்கிறது. யாருடைய கையெழுத்து இது?" என்று கேட்டாள்.

சண்டையும் அவளுக்கு நினைவில் இல்லை. முகாமில் இருந்த நாட்களுக்கு முந்தியது பலதும் தனக்கு அழிந்துபோயிற்று என்று, தேநீர் ஊற்றியபடியே சாதாரணமாகச் சொன்னாள். நான் இத்தனை காலம் மன்னிப்புக் கேட்பதற்குச் சொற்களைச் சேர்த்துவைத்திருந்தேன். கேட்பதற்கு எதிரில் ஆள் இருக்கிறாள், காரியம் இல்லை. இப்போது கிழமைக்கு ஒருதரம் சந்திக்கிறோம். புதிதாகப் பழகுகிறோம் என்றுதான் சொல்ல வேண்டும். அது எனக்கு மெத்தப் பெரிய கொடை, ஆனாலும் பழைய அவளை நான் தேடுவது நிற்கவில்லை.

கருவேலம் அக்கா, அந்தக் கைக்குட்டையை நீங்கள் நினைவு வைத்திருக்கிறீர்கள். உங்கள் அண்ணருக்கும் நினைவு இருக்கிறதா?

இரண்டாம்வரிசை

கருவேலம் அவர்களோடு நான் உடன்படவில்லை. ஆண்களுக்குள் மன்னிப்பு என்பதே கதைகளில் எழுதப்படுவதில்லை, குறை அதுதான். என் நண்பனுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டேன், அவன் கடனைக் கட்டாமல் ஊரை விட்டுப் போனான், என் சம்பளத்தில் பிடித்தார்கள். போன ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி. ஓர் அரங்கில் பில் போட வரிசையில் நிற்கிறேன், முன்னால் அவன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். கைகளில் என்ன புத்தகம் என்றும் பார்த்துக்கொண்டோம். அவன் முறை வந்ததும் என் கையில் இருந்ததை வாங்கித் தன்னுடையதோடு சேர்த்து வைத்து, இரண்டுக்கும் பணம் கொடுத்தான். என் பையை என்னிடம் நீட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டான். ஒரு வார்த்தை இல்லை.

கடன் தொகையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனாலும் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

வைகைக்கரை

காவிரிக்காரர் ஐயா, வழக்குப் போடும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரி தைத்துவிட்டது: யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. அக்கா கோடு போட்டுக் கேட்டிருப்பது அதைத்தான். நகையைப் பற்றி நாங்கள் பேசிய அளவுக்கு அந்த ராத்திரிகளைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசவில்லை. புத்தகம் அனுப்புவது போதும். தை பிறந்ததும் நேரில் போகிறேன்.

கருவேலம்

ஜாம்போத்தல் கேட்ட கேள்வியை இரண்டு நாளாக மனத்தில் போட்டுப் புரட்டுகிறேன். அண்ணனுக்கு நினைவு இருக்காது என்று நினைக்கிறேன். துடைத்துவிட்டவருக்கு அது ஒரு காரியமே இல்லை. வலித்தவளுக்குத்தான் நினைவு.

இரண்டாம்வரிசை தம்பி, உங்கள் நண்பர் உங்களுக்குக் கொடுக்க வேண்டியதில் கொஞ்சமாவது தன் கையால் கொடுத்தார். என் அண்ணன் கொடுக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல. கதை எழுதுகிறவர்கள் அந்த வித்தியாசத்தை எழுதட்டும், நான் பணம் கொடுத்து வாங்கிப் படிக்கிறேன்.

காவிரிக்காரர் சொன்ன மூன்று ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது. தெரிந்தேதான் விட்டேன்.

நேற்று அண்ணன் மகள் அவளாகவே போன் செய்தாள். தங்கைக்குச் சடங்கு வைத்திருக்கிறார்களாம். "அத்தை வந்து நலங்கு வைக்காமல் எப்படி? அப்பா கூப்பிடத் தயங்குகிறார், அதனால் நான் கூப்பிடுகிறேன்" என்றாள். இருபது வயதுப் பெண். அவளுக்குப் பத்திரமும் தெரியாது, ரேகையும் தெரியாது. அத்தை இல்லாத சடங்கு நன்றாக இராது என்பது மட்டும் தெரிகிறது.

புடவை எடுத்துவிட்டேன். அந்தச் சின்னப் பெண்ணுக்காகப் போகிறேன். சொத்தைப் பற்றி நான் அங்கே வாய் திறக்க மாட்டேன், பாயசம் வைக்கவும் மாட்டேன். மூத்தவளிடம் மட்டும் தனியாக ஒன்று சொல்லிவிட்டு வருவேன்: நாளைக்கு எந்தத் தாளை நீட்டினாலும், யார் அழுதாலும், வாசித்துப் பார்க்காமல் விரலை வைக்காதே.