40 மீட்டர் தள்ளி நிற்கும் டச் பேனல்: ஆர்எஸ்-485-ஆ, ஈதர்நெட்டா?

பேனல்போர்டு:
வணக்கம். ஒரு கன்வேயர் மெஷினில் பழைய சின்ன டிஸ்ப்ளேயை எடுத்துவிட்டு 10 அங்குல டச் பேனல் போடப் போகிறோம். பழையது கன்ட்ரோல் கேபினட் கதவிலேயே இருந்தது. பிஎல்சியின் (மெஷினை ஓட்டும் கன்ட்ரோலர்) ஆர்எஸ்-232 சீரியல் போர்ட்டில் ஒரு குட்டி கேபிளோடு வேலை முடிந்தது. புதியது ஆபரேட்டர் நிற்கும் இடத்துக்கே போகிறது, கேபிள் தூரம் சுமார் 40 மீட்டர். பிஎல்சியில் ஒரு ஆர்எஸ்-485 சீரியல் போர்ட்டும் ஒரு ஈதர்நெட் போர்ட்டும் இருக்கின்றன. ஈதர்நெட் இப்போது ஒரு ஸ்விட்ச் வழியாக உற்பத்திக் கணக்கு எடுக்கும் கம்ப்யூட்டரோடு சேர்ந்திருக்கிறது. கேபிள் ட்ரேயில் மூன்று ட்ரைவ்களின் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவிகள்) மோட்டார் கேபிள்களும் ஓடுகின்றன. பிஎல்சி, பேனல் இரண்டிலும் மோட்பஸ் (சாதனங்கள் பேசிக்கொள்ளும் முறை) உண்டு. ஸ்டார்ட், ஸ்டாப், ஜாக் (அழுத்தியிருக்கும் வரை மட்டும் ஓட்டுவது), ரெசிபி (சேமித்து வைத்த செட்டிங் தொகுப்பு), அலாரம் எல்லாம் பேனலில் வர வேண்டும். மெயின்டனன்ஸ் ஆட்களில் பாதிப் பேர் சீரியல் போதும் என்கிறார்கள், மீதிப் பேர் ஈதர்நெட் என்கிறார்கள். உங்கள் கருத்து?

செம்புக்கம்பி:
ஆர்எஸ்-485, யோசிக்கவே வேண்டாம். குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகிற லைன் அது, 40 மீட்டர் அதற்கு ஒரு தூரமே இல்லை. ஒரு ஜோடி முறுக்குக் கம்பி, ஒரு காமன் கம்பி, மேலே ஷீல்டு. இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். ஒரு முனையில் மட்டும் போட்டுவிட்டு, எப்போதாவது தொடர்பு விட்டுப் போகிறது என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம். ஏ, பி என்று கம்பெனிக்குக் கம்பெனி மாற்றிப் பெயர் வைத்திருப்பார்கள். செட்டிங் எல்லாம் சரியாக இருந்தும் பேசவில்லையென்றால் இரண்டு கம்பியையும் மாற்றிப் பாருங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

இதில் ஐபி முகவரி இல்லை, ஸ்விட்ச் இல்லை. கோளாறு வந்தால் மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியனே ராத்திரி ஷிஃப்டில் கண்டுபிடித்துவிடலாம். ஒரு பேனல், ஒரு பிஎல்சி. இதற்கு நெட்வொர்க் எதற்கு?

ஈதர்பக்கம்:
செம்புக்கம்பி சார் சொல்வது பத்து எண்களைக் காட்டும் டிஸ்ப்ளேக்குச் சரி. அவர் கேட்பது ரெசிபி, அலாரம் எல்லாம் உள்ள பேனல். கணக்கைப் பாருங்கள். மோட்பஸ் ஆர்டியூவில் (சீரியல் லைனில் ஓடும் மோட்பஸ்) ஒரே கேள்வியில் அதிகபட்சம் 125 ரெஜிஸ்டர் (16 பிட் எண் வைக்கும் இடம்) படிக்கலாம். பதில் 255 பைட். பேரிட்டியோடு (பிழை பார்க்கும் பிட்) சேர்த்து பைட்டுக்கு 11 பிட். செகண்டுக்கு 9600 பிட் வேகத்தில் அந்தப் பதில் வந்து சேரவே கிட்டத்தட்ட 290 மில்லிசெகண்ட். ஸ்க்ரீனில் நாலைந்து தொகுப்பு இருந்தால், பட்டனைத் தொட்டு ஒரு செகண்ட் கழித்துத்தான் விளக்கு மாறும். ஆபரேட்டர் அழுத்தியது போகவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்துவார்.

அதைவிட முக்கியம் எர்த். 40 மீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு கேபினட்டின் எர்த்தும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும் என்று யார் சொன்னது? ஆர்எஸ்-485 போர்ட் தாங்குவது மைனஸ் 7-லிருந்து பிளஸ் 12 வோல்ட் வரைதான். பல சின்ன பிஎல்சிகளில் அந்தப் போர்ட்டுக்கு ஐசொலேஷன் (இரு பக்கத்தையும் மின்சார ரீதியாகப் பிரிப்பது) கிடையாது. ட்ரைவ்கள் உள்ள இடத்தில் போர்ட் எரிவது இப்படித்தான். ஈதர்நெட்டில் ஒவ்வொரு போர்ட்டிலும் ட்ரான்ஸ்ஃபார்மர் உண்டு, 1500 வோல்ட் ஐசொலேஷன் அந்த ஸ்டாண்டர்டிலேயே இருக்கிறது. 100 மீட்டர் வரை சாதாரண கேபிள் போதும்.

செம்புக்கம்பி:
9600-ல் ஓட்டச் சொல்லி யார் கேட்டது? 40 மீட்டரில் 1,15,200 தாராளமாக ஓடும். உங்கள் 290 மில்லிசெகண்ட் அங்கே 24 ஆகிவிடும். பேனல் மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் லைன் காரணமில்லை, முகவரிகளைச் சிதறவிட்ட புரோகிராம்தான் காரணம். ஒரு ஸ்க்ரீனில் உள்ள 60 எண்களும் 60 இடத்தில் கிடந்தால் பேனல் 60 கேள்வி கேட்க வேண்டும். 9600-ல் ஒரு ரெஜிஸ்டர் கேட்டு வாங்கவே, நடுவில் விட வேண்டிய இடைவெளியோடு 25 மில்லிசெகண்ட் ஆகிறது. ஒன்றரை செகண்ட் அங்கேயே போச்சு. அதே 60-ஐயும் அடுத்தடுத்த முகவரிகளில் வைத்தால் ஒரே கேள்வி. பிஎல்சியில் பேனலுக்கென்று ஒரு தொகுதியை ஒதுக்கி, காட்ட வேண்டியதையெல்லாம் அங்கே நகலெடுத்து வையுங்கள். இதை ஈதர்நெட்டிலும் செய்துதான் ஆக வேண்டும். பல பிஎல்சிகள் ஸ்கேன் (புரோகிராமின் ஒரு சுற்று) முடிவில்தான் பதில் சொல்லும், எந்தக் கேபிள் போட்டாலும் அந்தக் காத்திருப்பு மாறாது.

அப்புறம் பாதுகாப்பு. மோட்பஸ் டிசிபி (ஈதர்நெட்டில் ஓடும் மோட்பஸ்) 502-ஆம் போர்ட்டில் பேசுகிறது. அதில் பாஸ்வேர்டும் கிடையாது, யார் கேட்கிறார்கள் என்ற சோதனையும் கிடையாது. அந்த ஸ்விட்ச்சில் உள்ள எந்தக் கம்ப்யூட்டரும் மோட்டார் ஸ்டார்ட் பிட்டை எழுதலாம்.

பேனல்போர்டு:
நடுவில் ஒரு தகவல் சொல்ல வேண்டும். ஆர்எஸ்-485 போர்ட்டில்தான் மூன்று ட்ரைவ்களுக்கும் வேகம் போகிறது. அதே லைனின் கடைசியில் பேனலைச் சேர்த்துவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

ஸ்கேன்சைக்கிள்:
சேர்க்க முடியாது நண்பரே. மோட்பஸ் ஆர்டியூவில் ஒரு லைனுக்கு ஒரே மாஸ்டர். ட்ரைவ்களிடம் கேட்பது பிஎல்சி, அங்கே அதுதான் மாஸ்டர். பேனலும் தானாகக் கேள்வி கேட்கும் சாதனம், அதாவது அதுவும் மாஸ்டர். இருவரும் ஒரே கம்பியில் பேசினால் செய்திகள் மோதும், சிஆர்சி (செய்தியின் பிழை சோதனை எண்) தப்பாகும், ட்ரைவ் தொடர்புக் கோளாறு காட்டி நிற்கும். இன்னும் மோசம், தினமும் நிற்காமல் எப்போதாவது நிற்கும். பேனலை ஸ்லேவாக (கேட்டால் மட்டும் பதில் சொல்வது) மாற்றும் வசதி சிலவற்றில் உண்டு. ஆனால் அப்போது பேனலுக்கு வேண்டிய ஒவ்வொரு எண்ணையும் பிஎல்சிதான் கேட்டும் எழுதியும் ஓட்ட வேண்டும், லேடர் (பிஎல்சி புரோகிராம்) குப்பையாகிவிடும்.

ஈதர்பக்கம்:
அப்படியென்றால் விஷயம் முடிந்தது. ஈதர்நெட்தான்.

செம்புக்கம்பி:
முடியவில்லை. ஆர்எஸ்-232 போர்ட் இப்போது காலி. அதில் ஐசொலேஷன் உள்ள 232-485 கன்வெர்ட்டர் ஒன்றை கேபினட்டுக்குள் வைத்து, அங்கிருந்து தனி லைன் இழுங்கள். நீங்கள் சொன்ன எர்த் பிரச்சினையும் அதிலேயே தீரும். 232-ஐ அப்படியே 40 மீட்டர் இழுக்கத்தான் கூடாது, அதற்கு 15 மீட்டரே அதிகம்.

ஸ்கேன்சைக்கிள்:
இரண்டு பேரும் கேபிளைப் பற்றியே பேசுகிறீர்கள். பேனல்போர்டு தன் முதல் பதிவில் ஜாக் பட்டன் என்று எழுதியிருக்கிறார். ஒருவர்கூட அதைத் தொடவில்லை. எனக்கு இந்த விவாதத்தில் பயம் தருவது அதுதான்.

டச் பேனலில் ஜாக் பட்டன் எப்படி வேலை செய்கிறது? விரல் வைத்ததும் பேனல் பிஎல்சிக்கு 1 எழுதுகிறது. விரலை எடுத்ததும் 0 எழுதுகிறது. இவை இரண்டும் தனித்தனிச் செய்திகள். முதலாவது போய்ச் சேர்ந்து, இரண்டாவது போவதற்கு முன் கேபிள் பிடுங்கிக்கொண்டால்? பேனலின் 24 வோல்ட் போய்விட்டால்? பிஎல்சியின் நினைவில் 1 அப்படியே நிற்கிறது. கன்வேயர் ஓடிக்கொண்டே இருக்கும், விரல் எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது. ஒயரில் இழுத்த நிஜ பட்டனில் இது நடக்காது, கம்பி அறுந்தால் சிக்னலும் போய்விடும். ஆர்எஸ்-485 போட்டாலும் ஈதர்நெட் போட்டாலும் இந்த ஆபத்து ஒன்றே.

ஈதர்பக்கம்:
அதற்குத்தான் ஹார்ட்பீட் இருக்கிறதே. பேனல் ஒவ்வொரு செகண்டும் ஒரு ரெஜிஸ்டரில் எண்ணைக் கூட்டி எழுதும். மூன்று செகண்ட் எண் மாறவில்லையென்றால் பிஎல்சி எல்லாக் கட்டளை பிட்டையும் 0 ஆக்கிவிடும். எல்லோரும் செய்வதுதான்.

ஸ்கேன்சைக்கிள்:
செய்ய வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று செகண்டில் கன்வேயர் எவ்வளவு தூரம் நகரும்? நேரத்தை 300 மில்லிசெகண்டாகக் குறைத்தால், பேனல் ஒரு பெரிய ஸ்க்ரீனை மாற்றும்போதெல்லாம் மெஷின் காரணமில்லாமல் நிற்கும். பிறகு யாராவது பொறுமையிழந்து அந்த டைமரை 5 செகண்டாக ஏற்றிவிடுவார்கள். அதனால் பிடித்திருக்கும் வரை ஓட வேண்டியது எதுவாக இருந்தாலும் நிஜ பட்டன், பிஎல்சி இன்புட்டுக்கு நேரடி ஒயர். எமர்ஜென்சி ஸ்டாப்பைச் சொல்லவே வேண்டாம். ஐஎஸ்ஓ 13850 கேட்பது, அழுத்தினால் தொடர்பை நேரடியாகப் பிரித்துவிடும் கான்டாக்ட். கண்ணாடியில் வரைந்த சிவப்பு வட்டம் அதுவாகாது.

செம்புக்கம்பி:
ஸ்கேன்சைக்கிள் சொல்வதை முழுதாக ஏற்கிறேன். இன்னொரு படி மேலே போய்ச் சொல்வேன், ஸ்டார்ட்டும் பேனலில் வேண்டாம். பேனல் காட்டுவதற்கும் செட் பாயின்ட் போடுவதற்கும் மட்டும். பேனல் செத்தால் மெஷின் ஓட்ட முடியாது என்ற நிலையே வரக்கூடாது.

ஸ்கேன்சைக்கிள்:
அவ்வளவு தூரம் நான் வரமாட்டேன் சார். ஸ்டார்ட் பேனலில் இருக்கலாம், ஆனால் அது ஒரு வேண்டுகோளாக இருக்க வேண்டும். பேனல் 1 எழுதட்டும். பிஎல்சி அதைப் பார்த்ததும் தானே 0 ஆக்கிவிட்டு, கதவு மூடியிருக்கிறதா, ட்ரைவ் தயாரா என்று பார்த்துத் தானே ஓட்டத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். பட்டனை மொமென்டரியாக (விரலை எடுத்ததும் 0 எழுதுவது) வைக்காமல் "செட்" மட்டும் செய்வதாக வையுங்கள், 0 ஆக்கும் பொறுப்பு பிஎல்சிக்கு. பேனலின் பச்சை விளக்கு அந்த வேண்டுகோள் பிட்டைக் காட்டக்கூடாது, கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் ஸ்விட்ச்) அல்லது ட்ரைவிலிருந்து திரும்பி வரும் ரன் சிக்னலைக் காட்ட வேண்டும். ஸ்டாப்புக்கு மட்டும் பேனலோடு ஒயர் பட்டனும் வேண்டும்.

கட்டளை பிட்டுகளை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பல பேனல்கள் ஹோல்டிங் ரெஜிஸ்டருக்குள் இருக்கும் ஒரு பிட்டை மாற்ற, முழு 16 பிட்டையும் படித்து, ஒன்றை மாற்றி, முழுவதையும் திரும்ப எழுதும். படித்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் பிஎல்சி அதே ரெஜிஸ்டரில் வேறு பிட்டை மாற்றியிருந்தால் அந்த மாற்றம் அழிந்துவிடும். இதை ஸ்க்ரீனில் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் பேனல் எழுதுவது காயிலாக (ஒரே பிட் உள்ள இடம்) இருக்கட்டும், 05-ஆம் ஃபங்ஷனில் ஒரு பிட் மட்டும் போகும். ரெஜிஸ்டர்தான் கிடைக்கும் என்றால் பேனல் எழுதும் ரெஜிஸ்டரில் பிஎல்சி எழுதக்கூடாது. வேண்டுகோளை 0 ஆக்குவதற்குப் பதில் ஏறுமுகத்தை (0 என்பது 1 ஆகும் கணத்தை) மட்டும் பிடித்து, பேனலே 0 எழுதும்படி விடுங்கள்.

பேனல்போர்டு:
நன்றி. ஜாக் ஒயர் பட்டனாகப் போகிறது, இன்புட் இரண்டு காலியாக இருக்கிறது. இன்னொரு சந்தேகம். சோதனைக்காக ஈதர்நெட்டில் சேர்த்துப் பார்த்தேன். முழு எண்களெல்லாம் சரியாக வருகின்றன. வெப்பநிலை மட்டும் பிஎல்சியில் 72.5, பேனலில் 0.0. முகவரியை ஒன்று கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டேன்.

ஈதர்பக்கம்:
முகவரி சரியாகத்தான் இருக்கிறது. மேனுவலில் 40001 என்று இருப்பது லைனில் 0-வாகப் போகும், அந்த ஒன்று வித்தியாசம் இருந்திருந்தால் முழு எண்களும் பக்கத்து மதிப்பைக் காட்டியிருக்கும். உங்களுடையது வேர்டு வரிசை. தசம எண் 32 பிட், இரண்டு ரெஜிஸ்டர். 72.5 என்பது ஹெக்ஸில் 4291, 0000. பேனல் அதை 0000, 4291 என்று புரட்டிப் படித்தால் கிடைப்பது பூஜ்யத்துக்கு மிக மிக அருகில் உள்ள ஓர் எண், ஸ்க்ரீனில் 0.0 என்றே தெரியும். பேனலின் ட்ரைவர் செட்டிங்கில் வேர்டு ஸ்வாப் இருக்கும், மாற்றுங்கள். மோட்பஸ் 1979-இல் வந்தபோது 16 பிட் ரெஜிஸ்டருக்குத்தான் விதி எழுதப்பட்டது. இரண்டைச் சேர்ப்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குச் செய்கிறது.

செம்புக்கம்பி:
அல்லது 725 என்று முழு எண்ணாக ஒரே ரெஜிஸ்டரில் வைத்து, பேனலில் ஒரு தசம இடம் காட்டச் சொல்லுங்கள். வெப்பநிலைக்கு அதுவே போதும், ஸ்வாப் தொல்லையும் இல்லை.

பேனல்போர்டு:
ஸ்வாப் மாற்றினேன், 72.5 வந்துவிட்டது. இப்போதைக்கு ஈதர்நெட் பக்கம் சாய்கிறேன். செம்புக்கம்பி சார் சொன்ன 502 விஷயம்தான் உறுத்துகிறது.

ஈதர்பக்கம்:
அதில் அவர் சொன்னது உண்மை, நான் மறுக்கவில்லை. மேனேஜ்டு ஸ்விட்ச் போட்டு பிஎல்சியையும் பேனலையும் ஒரு விலானில் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) தனியாக வையுங்கள். கணக்கு எடுக்கும் கம்ப்யூட்டர் பிஎல்சியைத் தொடவே வேண்டாம். இரண்டு ஈதர்நெட் போர்ட் உள்ள பேனலாக இருந்து, அவை தனித்தனி நெட்வொர்க்காக அமைக்கக்கூடியவையாக இருந்தால், அந்தக் கம்ப்யூட்டர் பேனலிடமிருந்தே எண்களை எடுத்துக்கொள்ளட்டும். ஐபி எல்லாம் நிரந்தரமாக வைத்து, கேபினட் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள்.

செம்புக்கம்பி:
அப்படிச் செய்தால் எனக்குப் பாதி எதிர்ப்பு குறைகிறது, மீதி இருக்கிறது. ஒன்று, பேனலின் மின்சாரம் திடீரென்று போனால் பிஎல்சிக்குத் தெரியாது. பழைய டிசிபி இணைப்பு உயிரோடு இருப்பதாகவே நினைத்து இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். இரண்டு மூன்று இணைப்பு மட்டும் தரும் சின்ன பிஎல்சியில், பேனல் திரும்ப வந்ததும் இடமில்லை என்று தள்ளப்படும். கீப்அலைவ் (மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது) நேரத்தைக் குறைக்க முடியுமா என்று முதலில் மேனுவலில் பாருங்கள். சீரியலில் இந்தத் தொல்லையே இல்லை. இரண்டு, ஆர்ஜே-45 பிளக்கின் அந்த பிளாஸ்டிக் நாக்கு. அதிர்வு உள்ள மெஷினில் அது உடைந்தபின் பிளக் பார்ப்பதற்குச் சொருகியபடியே இருக்கும், தொடர்பு விட்டு விட்டு வரும்.

ஈதர்பக்கம்:
கீப்அலைவ் நல்ல கேள்வி, அதைப் பார்க்காமல் பேனலை வாங்க வேண்டாம். பிளக்குக்கு, பேனல் அருகில் கேபிளை இறுக்கிப் பிடித்து, இழுவை பிளக்கில் விழாமல் வையுங்கள். ஷீல்டு உள்ள கேபிளாக எடுத்து, ட்ரேயில் மோட்டார் கேபிளிலிருந்து தள்ளி, நடுவில் உலோகத் தடுப்பு வையுங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர்கோணத்தில் கடக்கட்டும்.

ஸ்கேன்சைக்கிள்:
ஓட்டத்துக்கு விடுவதற்கு முன், கன்வேயரில் சரக்கு ஏற்றாமல், ஆட்களை விலக்கி நிறுத்திவிட்டு மூன்று சோதனை செய்யுங்கள். பேனலில் ஸ்டார்ட்டை அழுத்திய விரலை எடுக்காமல் கேபிளைப் பிடுங்குங்கள். ஹார்ட்பீட் நேரம் முடிந்ததும் பிஎல்சியில் கட்டளை பிட் 0 ஆகிறதா, திரும்பச் சொருகியதும் மெஷின் தானாகக் கிளம்பாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, பிஎல்சியை ஸ்டாப்பில் போட்டுவிட்டு ஸ்க்ரீனைப் பாருங்கள். கடைசி எண்ணையே காட்டிக்கொண்டு நின்றால் ஆபரேட்டர் அதை நம்பிவிடுவார். பிஎல்சியிலிருந்து பேனலுக்கும் ஒரு ஹார்ட்பீட் எண் போகட்டும், அது நின்றால் ஸ்க்ரீன் முழுவதும் "தொடர்பு இல்லை" என்று வர வேண்டும். மூன்றாவது, பேனலை மட்டும் ஆஃப் செய்து உடனே ஆன் செய்யுங்கள், செம்புக்கம்பி சார் சொன்ன இணைப்புப் பிரச்சினை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

பேனல்போர்டு:
மேனுவலில் பார்த்தேன். மொத்தம் நான்கு இணைப்பு, கீப்அலைவ் 30 செகண்ட், குறைக்கலாம் என்று இருக்கிறது. அந்த மூன்று சோதனையையும் கேபிள் இழுத்ததும் செய்துவிட்டு எழுதுகிறேன்.

செம்புக்கம்பி:
232 போர்ட்டை மூடிவிடாமல் வையுங்கள். கன்வெர்ட்டர் யோசனையை நான் இன்னும் கைவிடவில்லை.