சூப் டம்ப்ளிங் சிந்தாமல் சாப்பிடுவது எப்படி?

கேள்வி: நேற்று ஒரு சின்ன சீன உணவகத்தில் முதல் முறையாக ஷியாவ்லாங்பாவ் (உள்ளே கறியும் சூப்பும் இருக்கும், கொழுக்கட்டை மாதிரியான சீன டம்ப்ளிங்) சாப்பிட்டேன். மூங்கில் கூடையில் ஆவி பறக்க வந்தது. குச்சியால் எடுத்ததுமே மாவு கிழிந்து சூப் முழுக்க வழிந்துவிட்டது. மனசே ஆறவில்லை. எப்படி எடுக்க வேண்டும்?

பதில் 1: சுருக்கு வைத்த நுனியைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். கருப்பு வினிகரில் தொட்டுக் கரண்டியில் வையுங்கள். ஓரத்தில் சின்னதாகக் கடித்து, ஊதி ஊதிச் சூப்பை உறிஞ்சுங்கள். அப்புறம் மெல்லிசாக நறுக்கிய இஞ்சியோடு மீதியைச் சாப்பிடுங்கள்.

பதில் 2: ஆறவிட்டீர்களா? ஆறினால் மாவு கூடையில் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சூப், பன்றித்தோலைக் கொதிக்கவைத்து உறையவிட்ட சாறு. கறியோடு கலந்து மாவுக்குள் வைத்து மடிப்பார்கள், ஆவியில் உருகிவிடும். சூட்டோடு சாப்பிட்டால்தான் ருசி.

கேட்டவர்: ஆமாம், நூடுல்ஸும் கூடவே வந்ததால் 10 நிமிடம் விட்டுவிட்டேன். சரி, இனி நூடுல்ஸை அப்புறம் கொண்டுவரச் சொல்கிறேன்.