நண்பரின் சால்டரிங்கை அவருக்குத் தெரியாமல் திருத்தினேன், இப்போது அவர் வருவதில்லை

செங்கோட்டை12 எழுதியது:

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேள்வி ரயில் மாடலைப் பற்றியதா, மனுஷனைப் பற்றியதா என்று எனக்கே பிடிபடவில்லை.

எங்கள் வீட்டு மச்சில் பழைய செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் பாதையை ஹெச்ஓ அளவில், அதாவது 87-இல் ஒரு பங்காக, கட்டி வருகிறோம். நானும் அண்ணாச்சியும். அண்ணாச்சி அந்தப் பாதையிலேயே கார்டாக ஓடி ஓய்வு பெற்றவர். (2022-இலிருந்து கார்டுக்கு ட்ரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அவரிடம் சொன்னால் "மேனேஜர் பேங்க்லல்லா இருப்பாரு" என்பார்.) நான் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். 2010-இல் அந்தப் பாதையை அகலப்பாதை ஆக்குவதற்காக மூடினார்கள். 2018-இல் முழுசாகத் திறந்தபோது பழைய மீட்டர்கேஜ் தடமே இல்லை. அந்த வருஷம்தான் அண்ணாச்சி என் கடைக்கு மிக்ஸி மோட்டாரோடு வந்தார். பேச்சு எங்கெங்கோ போய், அடுத்த ஞாயிறே பிளைவுட் வாங்கிவிட்டோம்.

அன்றிலிருந்து ஞாயிறு என்றால் நாலு மணிக்கு வருவார். நாலு ஐந்துக்கு வந்தால் ஏன் லேட் என்று காரணம் சொல்லுவார், நான் கேட்காமலே. ஆரியங்காவில் எந்த மரம் எந்தப் பக்கம், தென்மலையில் பிளாட்பார பெஞ்சு எங்கே, எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. ஒரே ஒரு தடவை பழைய போட்டோவைக் காட்டி "தப்பாச் சொல்லிட்டீங்களே" என்றேன். கடைசியில் பார்த்தால் அந்த போட்டோவை எவனோ இடவலம் மாற்றிப் பிரிண்ட் போட்டிருந்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். 1000 மி.மீ. பாதையை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மி.மீ. வருகிறது. சுவிஸ் மலை ரயில் மாடல் செய்பவர்களுக்காக விற்கும் 12 மி.மீ. தண்டவாளம்தான் நமக்குக் கிடைக்கிற வழி. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஒரு துண்டு வீணானாலும் வயிறு எரியும். இணைப்புத் தகடு நாளானால் இளகிவிடும் என்பதால் துண்டுக்குத் துண்டு அடியிலிருந்து வயர் கொடுத்து சால்டர் வைக்கிறோம், அதாவது ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கிறோம். அண்ணாச்சி அறுபது வயசுக்கு மேல் என்னிடம் கற்றுக்கொண்ட வேலை அது. அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. பேரன் வந்தால் மச்சுக்குக் கூட்டிக்கொண்டு வந்து பாலத்தைக் காட்டமாட்டார், பலகைக்கு அடியில் குனிய வைத்து வயரைக் காட்டுவார்.

ஒரு வருஷமாக அவர் வலது கை நடுங்குகிறது. ஈயம் குண்டாக விழுகிறது. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே வரும் ஸ்லீப்பர் கட்டை பிளாஸ்டிக், அது உருகுகிறது. போன மாசம் கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலத்தின் மேலேயே இரண்டு தண்டவாளமும் சேர்ந்து ஷார்ட் ஆனது. "கண்ணாடி மாத்தணும்டே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் போன பிறகு, ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து அவர் வைத்ததை எல்லாம் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். மூன்று ஞாயிறு இப்படியே ஓடியது.

என் போதாத காலம், வெள்ளீயமும் ஈயமும் கலந்த 60/40 சால்டர் சுருள் தீர்ந்து, கடையிலிருந்து ஈயம் கலக்காத சுருளை எடுத்துவந்திருந்தேன். ஈயம் கலந்தது கண்ணாடி மாதிரி மின்னும், கலக்காதது மங்கலாக ஆறும். அடுத்த வாரம் அண்ணாச்சி டார்ச் அடித்துப் பார்த்தார். "இது யாரு வச்சது?" என்றார். "நீங்கதான் அண்ணாச்சி" என்றேன். இன்னொரு தடவை டார்ச் அடித்தார். டீயை முழுசாகக் குடித்தார். படி இறங்கிப் போனார்.

மூன்று ஞாயிறாக ஆள் இல்லை. போன் எடுத்து "சும்மா அலுப்பா இருக்கு" என்கிறார். வீட்டில் அவருக்கும் சேர்த்து வடை தட்டி, மிஞ்சுகிறது. நான் என்ன செய்ய வேண்டும்? சால்டரிங்கை விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

பெரம்பூர்_பழசு எழுதியது:

திருத்தினது பெரிய குற்றம் இல்லை. கேட்டபோது "நீங்கதான்" என்றீர்கள் பாருங்கள், அது. முப்பது வருஷம் பெட்டிக்குப் பெட்டி எண்ணிப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்ட மனுஷனிடம் அதைச் சொன்னால் வருவாரா? நேரில் போங்கள். போனில் வேண்டாம்.

இன்னொன்று. சால்டரிங்கை விடச் சொல்லத் தேவையே இல்லை. ரெசிஸ்டன்ஸ் சால்டரிங் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வயரையும் தண்டவாளத்தையும் முனை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்ட பிறகு காலால் பெடலை மிதித்தால்தான் கரண்ட் பாயும், அந்த இடம் மட்டும் சூடாகும். காலை எடுத்தாலும் ஈயம் இறுகும்வரை பிடியை விடவேண்டாம். சூடான இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு குறிபார்க்கிற வேலையே கிடையாது. வேண்டியது சில வோல்ட், நிறைய ஆம்பியர் தரும் டிரான்ஸ்பார்மர். ரீவைண்டிங் கடைக்காரருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா?

அதுவரைக்கும் சால்டர் வைக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் நனைத்த டிஷ்யூ பேப்பர் வையுங்கள், ஸ்லீப்பர் பிழைக்கும்.

கோவை_9மிமீ எழுதியது:

எல்லாரும் கட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். ஓட்டுவது யார்? கார்டு ஒருத்தரை வீட்டில் வைத்துக்கொண்டு அவரை வயர் பிடிக்க வைத்திருக்கிறீர்கள்!

நாங்கள் நாலு பேர் மாதம் ஒரு தடவை டைம்டேபிள் போட்டு ஓட்டுகிறோம். கடிகாரம் ஆறு மடங்கு வேகம். ஒற்றைப் பாதை என்பதால், வண்டி எடுக்க அனுமதி அடையாளமாக டோக்கன் வைத்திருக்கிறோம். நிஜத்தில் ஸ்டேஷனில் உள்ள நீல்ஸ் டோக்கன் கருவியில் இரும்பு உருண்டை வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால் இரண்டு ஸ்டேஷன் கருவியும் பூட்டிக்கொள்ளும், அடுத்தது வராது. எங்களுக்கு அது கோலிக்குண்டு. குண்டு கையில் இல்லாமல் எவனும் வண்டியை எடுக்கக் கூடாது. எங்கள் குரூப்பில் ஒருத்தர் குண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். நாற்பது நிமிஷம் மூன்று வண்டி நின்றது. அன்றைக்குச் சிரித்த மாதிரி நாங்கள் சிரித்ததே இல்லை.

அண்ணாச்சியிடம் பச்சைக்கொடியைக் கொடுங்கள். மலைப்பாதையில் பின்னால் பேங்கர் எஞ்சின் தள்ளும் வண்டிக்கு எப்படி விசில் கொடுப்பார்கள் என்று எங்களுக்கும் கேட்டுச் சொல்லுங்கள்.

டீவடிகட்டி எழுதியது:

என் அப்பாவுக்கும் இதே பிரச்சினை. அவர் மாடலுக்குக் குட்டி மரம் செய்யப் போய்விட்டார். கம்பி முறுக்கிப் பசை தடவி, பச்சைத் தூளை டீ வடிகட்டியில் போட்டு மேலே ஆட்டித் தூவ வேண்டும். "இதுக்கு நான் தனியா ஆட்டவே வேண்டாம், பார்" என்று அவரே சொல்லிச் சிரித்தார். ஆனால் அதை அவர்தான் சொல்லலாம். நாம் சொல்லக் கூடாது.

அவர் டாக்டரிடம் காட்டினாரா? அப்பாவுக்குத் தைராய்டு என்று தெரிந்து, மருந்து சாப்பிட்டதும் பாதி நடுக்கம் குறைந்தது. மூச்சிரைப்புக்கு எடுக்கும் சில மருந்துகளாலும் கை நடுங்கும். கண்ணாடி மாற்றினால் இது சரியாகாது.

செங்கோட்டை12 எழுதியது:

நேற்று போனேன். வடை ஆறு, ஒரு கோலிக்குண்டு, புது 60/40 சுருள்.

அண்ணாச்சி திண்ணையில் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய் ஒரு டைரியைக் கொண்டுவந்தார். கார்டு எழுதுகிற மாதிரியே கட்டம் போட்டு, எந்த ஸ்டேஷன், எத்தனையாவது இணைப்பு, மங்கலா மின்னுகிறதா என்று எழுதியிருக்கிறார். படி இறங்கினவர் வீட்டுக்குப் போய் அன்றைக்கே எழுதியது. மொத்தம் பதினொன்று மங்கல்.

"நீங்கதான்னு சொன்னது பொய் அண்ணாச்சி. உங்களுதுல எட்டைத்தான் மாத்தினேன்" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். என்னது எட்டு. பாக்கி மூணு?"

யோசித்துப் பார்த்தேன். பகவதிபுரம் பக்கத்தில் மூன்று. போன வருஷம் நானே வைத்து, பிடிக்காமல் போய், அந்த ராத்திரிகளில் அதையும் சேர்த்துத் திருத்தியிருக்கிறேன்.

"அப்போ உனக்கும் கை நடுங்குது" என்றார். வடையை எடுத்தார்.

பெடல் சமாச்சாரத்தைச் சொன்னேன். டிரான்ஸ்பார்மர் எத்தனை சுற்று என்று கேட்டார், நம்பவில்லை, செய்து காட்டு என்றார். டாக்டர் பேச்சை மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கோலிக்குண்டை மட்டும் வெகுநேரம் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு டைரியை மூடி, குண்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். ஞாயிறு நாலு மணிவரை மச்சில் ஒரு வண்டி நகரக் கூடாதாம்.